மைனி என்பது யார்

வல்லம் வடகால்,
புதன்கிழமை.

அன்புள்ள கனகத்துக்கு,

மாரிசெல்வி எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் அதைக் கேட்காமல் ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது? என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். தடுக்காவிட்டாலும் இதைப் போனில் அனுப்பியிருக்க மாட்டேன்.

கம்பெனி விடுதியில் உன் கட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. கவிப்பிரியா அதில் துணி காயப்போடுகிறாள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். சாம்பார் அதே சாம்பார். அலுப்பாக இருக்கிறது கனகம், தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு.

போன மாதம் உன்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, மயக்கம் வருவதை மறைத்தாய் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். நீ எனக்கு எழுதிய வார்த்தைகளையே உன்னிடம் திருப்பிச் சொன்னார்களாம். என் ஒருத்திக்குத்தானே எழுதினாய், பிறகு நீ வேறு என்ன நினைப்பாய்? சிங்கப்பெருமாள் கோவில் போகிற ஷேர் ஆட்டோவில் பையோடு ஏறும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொல்லவில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கே தெரியாதபோது என்னத்தைக் கத்துவது?

போன வாரம்தான் தெரிந்தது. ஆபீஸ் லக்ஷ்மிநரசிம்மன் சார் ஒரு காகிதத்தோடு நம் லைனுக்கு வந்தார். "யாரும்மா இந்த மைனி? ரெஜிஸ்டர் முழுக்கத் தேடிட்டேன், அப்படி ஒரு பேரே இல்லையே" என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் அண்ணன் மனைவியை அப்படிக் கூப்பிடுவோம் என்பது அங்கே நின்ற தெக்கத்திப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். நீ யாரை அப்படிக் கூப்பிடுவாய் என்பதும் தெரியும். உன் அண்ணன் பேச்சிராஜுக்கு என்னைக் கட்டிவைக்கப் போவதாகத் தொடங்கிய கேலி. அவர் மாடத்தியைக் கட்டி ஒரு பிள்ளையும் பிறந்த பிறகும் நீ விட்டாயா? ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பயம்தான்.

காகிதத்தில் இருந்தது நீ கம்பெனி ஆப்பில் எனக்கு அனுப்பியது. "மைனி, லைன்ல நிக்கையில கிறுகிறுன்னு வருது. யார்ட்டயும் சொல்லிராத." ஒரு எழுத்து மாறாமல் அச்சடித்திருந்தார்கள். அனுப்பியவள் என்று உன் பேர் இருந்தது, யாருக்கு என்பது மட்டும் அதில் இல்லை. செய்திக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்ததே, அதை நம்பித்தானே எழுதினோம்.

அந்த ஆப்பை ஏற்றிய நாள் உனக்கு நினைவிருக்கும். கேன்டீன் மேஜையில் எல்லோரும் போனை வரிசையாக வைத்தீர்கள். லைன் லீடர் என்ற மிதப்பில், டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி, ஒவ்வொரு போனிலும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை நான்தான் அழுத்திக்கொண்டே போனேன். "அதுல என்ன எழுதியிருக்கு மைனி" என்று நீ மட்டும் கேட்டாய். எல்லா ஆப்பிலும் வருகிறதுதான் என்று சொன்னேன். படிக்காமலேதான் சொன்னேன்.

இப்போது படித்தேன். உறுப்பினர்கள் தங்களுக்குள் அனுப்பும் செய்திகளை, பாதுகாப்புக் கருதி நிர்வாகம் பார்க்கலாம் என்று பதினேழாவது பத்தியில் இருக்கிறது. இங்கிலீஷ் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. மேலே மூலையில் 'த' என்று ஒரு எழுத்து இருக்கிறது, அதைத் தொட்டால் எல்லாம் தமிழில் வருகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது உண்மை. உன் போனில் அதை அழுத்தியது என் விரல் என்பதும் உண்மை.

இன்னொன்றையும் படித்தேன். தினமும் கடந்து போகிற அந்தச் சுவர்ப் பலகையை. உடம்புக்கு முடியாவிட்டால் லைன் லீடரிடம் தெரிவிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. நீ தெரிவித்துத்தானே இருக்கிறாய்? மறைத்தது நீ இல்லை, நான். திங்கட்கிழமை அதை அப்படியே எழுதி லக்ஷ்மிநரசிம்மன் சாரிடம் கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு, விசாரிக்கிறேன் என்றார். சூப்பர்வைசர் எல்லப்பன் அண்ணன்தான், "இன்னாத்துக்கும்மா ஒனக்கு இந்த வேலை, கம்முனு இருந்துகினு இருக்கலாம்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார். லீடர் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இப்போது பேக்கிங்கில் நிற்கிறேன். கால் வலிக்கிறது.

உன்னைத் திரும்பக் கூப்பிடுவார்களா, சொல்லத் தெரியவில்லை. கூப்பிட்டால் டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு வா. கூப்பிடாவிட்டாலும் காட்டு. பட்டினி கிடக்காதே.

திங்கட்கிழமை கொடுத்த காகிதத்தில் 'மைனி என்பது நான்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்த பிறகுதான் போட்டேன். நீ இனி என்னை அப்படிக் கூப்பிடாவிட்டால் நான் எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும். கோபம் தீராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு தபால் கார்டில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதிப் போடு, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாரிசெல்வி