நெருப்புக்கும் வீட்டுக்கும் நடுவே

அன்பு அண்ணைக்கு,

நமீபியாவுக்குப் போய் வந்துவிட்டேன். நீங்கள் போக வேண்டிய பயணம். உங்களுக்கென்று பதிவு செய்திருந்த இடத்தில் நான் இருந்து போனேன். உயிரோடு இருந்திருந்தால் எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்பதற்கு இப்போது ஆள் இல்லை. அதனால் நானாகவே எழுதுகிறேன்.

அண்ணிதான் தொலைபேசியில் கூப்பிட்டார். "பேரை மாத்தலாமாம், தம்பி. அவற்ற இடத்தில வேற ஆரோ இருந்து வாறதைப் பார்க்க என்னால ஏலாது. நீங்கள் வாங்கோ." செத்தவீட்டுக்குப் பிறகு நானும் அவரும் பேசிய முதல் பேச்சு அது. ஏன் ஓம் என்றேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மறுத்தால் பக்கத்தில் காலியாக ஓர் இருக்கையோடு அவர் தனியாகப் போவார் என்று தெரியும். அப்படிப் போகட்டும் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மை.

என் கோபம் உங்களுக்குத் தெரியாது. தெரியவர முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். உங்களுக்குப் புற்றுநோய் என்று எனக்கு நீங்களும் சொல்லவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. லண்டனில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த டூட்டிங்கில் மீன் வாங்கப் போனேன். கடைக்காரர் பாரை மீனை வெட்டிக்கொண்டே, "கொண்ணைக்கு இப்ப எப்பிடி? கீமோ முடிஞ்சுதோ?" என்று கேட்டார். மீன் வெட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. கூடப்பிறந்தவனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டதா, அண்ணை?

உங்கள் காரியங்களை மருமகன் செய்தார். என்னை யாரும் கேட்கவில்லை. நான் கடைசி வரிசையில் நின்றேன். எல்லாம் அண்ணியின் வேலை என்று முடிவெடுத்துக்கொண்டு வடக்கு லண்டனில், எட்மண்டனில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பினேன். அதன் பிறகு உங்கள் வீடு இருக்கும் தோர்ண்டன் ஹீத் பக்கமே போகவில்லை.

ஹீத்ரோவில் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு நின்றபோது அண்ணி மெதுவாக விஷயத்துக்கு வந்தார். "வாற மாசம் ஆட்டைத் திவசம், தம்பி. ஒரு வருசம் ஓடிப்போச்சு. மருமகன் அவுஸ்திரேலியாவில, லீவு இல்லையாம். ஐயர் உரித்துக்காரர் ஆரும் இருந்து செய்யவேணும் எண்டுறார். நீங்கள் செய்வியளோ?"

நான் விமான நேரங்கள் ஓடும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தேவைப்படும்போது மட்டும் தம்பி. அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பதினாறு பேர், எல்லாரும் கோயில் ஆட்கள். கூட்டிப் போனவர் உங்கள் சிநேகிதர் குலம் அண்ணை. அந்த நாட்டுப் பழங்குடியான ஹிம்பா மக்களின் ஊருக்குப் போகும் நாளில் பஸ்ஸுக்குள் எழுந்து நின்று, "தாய்மாரே, அங்கை போய் விலை பேசாதேங்கோ. இது டூட்டிங் இல்லை" என்றார். பஸ் சிரித்தது. நீங்கள் இருந்திருந்தால் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்திருப்பீர்கள்.

காய்ந்த மரங்களுக்கு நடுவில் மண் பூசிய குடிசைகள். செம்மண்ணையும் வெண்ணெயையும் குழைத்து உடம்பெல்லாம் பூசிய பெண்கள். எங்கள் ஆட்கள் இறங்கியவுடன் போனைத் தூக்கிவிட்டார்கள். "எங்கட மஞ்சள் மாதிரித்தானப்பா" என்று ஒருவர். "தண்ணி வார்த்துக் குளிக்கமாட்டினமாம்" என்று இன்னொருவர் மூக்கைச் சுளித்தார். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், படம் எடுக்கிறவர்களை ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

நாங்கள் லண்டனுக்கு வந்த முதல் வருடம் அந்தத் தேவாலய மண்டபத்தில் எங்களை வேட்டி கட்டச் சொல்லி, கையால் சோறு சாப்பிட்டுக் காட்டச் சொன்னது நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரப் பெண்கள் வட்டமாக நின்று பார்த்தார்கள். நான் ஒரு கவளத்தோடு கையை எடுத்துவிட்டேன். நீங்கள் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டீர்கள். "அவை பார்த்தா என்னடா? சோறு நல்லாயிருக்கு, சாப்பிடு." அந்தப் பெண்களை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. நீங்களோ வருடா வருடம் அவர்களுக்குக் கிறிஸ்மஸ் அட்டை அனுப்பினீர்கள்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் மரியா என்ற ஐம்பது வயதுப் பெண், அந்தப் பகுதியைச் சேர்ந்தவர். ஊர்த் தலைவரின் வீட்டுக்கும் மாட்டுப் பட்டிக்கும் இடையில் இரண்டு மூன்று கட்டைகள் புகைந்துகொண்டிருந்தன. அது முன்னோரின் நெருப்பு என்றார். அணையவிடமாட்டார்களாம். தலைவர் அங்கேதான் செத்தவர்களோடு பேசுவாராம். "ஒன்று மட்டும் கவனம். நெருப்புக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் வெளியார் யாரும் நடக்கக் கூடாது." ஆங்கிலத்தில் இரண்டு தடவை தெளிவாகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அண்ணியும் ஆட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன். அண்ணி சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கைகூப்பிக்கொண்டு அந்த நெருப்பை வலம் வருகிறார். பின்னால் சுற்றி, வாசலுக்கும் நெருப்புக்கும் நடுவால், கண்ணை மூடிக்கொண்டு. அவரைக் கண்டு இன்னும் இரண்டு பெண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பின்னால் சேர்ந்துவிட்டார்கள்.

மரியா கத்தினார். பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தின. தலைவர், மெலிந்த கிழவர், தடியை ஊன்றி எழுந்தார்.

"கேட்டனான், தம்பி" என்றார் அண்ணி. முகம் வெளிறிப்போயிருந்தது. "நடக்கக் கூடாதெண்டு கேட்டனான். நெருப்பைக் கண்டவுடனை கால் தானாச் சுத்தீற்றுது."

தலைவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மரியா மொழிபெயர்த்தார். நெருப்புக்கு இந்தப் பெண் யாரென்று தெரியாது, தான் முன்னோருக்குச் சொல்ல வேண்டும் என்கிறார். இவள் எந்த வீட்டுப் பெண்? இவளுடைய வீட்டார் இங்கே யாராவது இருக்கிறார்களா?

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. ஹீத்ரோவில் பதில் கிடைக்காத மனுசி, இங்கே என்னை எதிர்பார்க்கவில்லை. வெறுங்காலோடு மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். குலம் அண்ணை என் முதுகில் கை வைத்தார். "நீர்தானே சொந்தம். போம், போய்ச் சொல்லும்."

இதெல்லாம் வருகிறவர்களுக்குக் காட்டும் காட்சியாகக்கூட இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அண்ணி வெறுங்காலோடு நின்றது காட்சி இல்லை. நான் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். என் மொழியிலேயே சொல்லலாமாம் என்றார் மரியா.

"இவ என்ர அண்ணி" என்றேன். "என்ர அண்ணையின்ர மனிசி. அண்ணை செத்துப்போனார். இவ நெருப்பைக் கண்டு கும்பிட்டவ, வேற ஒண்டுமில்லை. இவ எங்கட வீட்டுப் பிள்ளை."

செத்துப்போனார் என்ற சொல்லை அதுவரை நான் வாயால் சொன்னதில்லை. தவறிட்டார், போயிட்டார் என்றுதான் சொல்லி வந்தேன். அண்ணி முந்தானைக்குப் பதிலாகக் கழுத்துச் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் உங்கள் பெயரைக் கேட்டார். யோகநாதன் என்றேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டு, குந்தி இருந்து, நெருப்பைப் பார்த்து நீண்ட நேரம் பேசினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவில் உங்கள் பெயர் வந்தது. பிறகு இன்னொரு தடவை வந்தது. நான் அங்கேயே அழுதேன், அண்ணை. உங்கள் செத்தவீட்டில் வராத அழுகை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அண்ணிக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒரு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். "எனக்குச் சொல்லவேண்டாமெண்டு சொன்னது அண்ணையோ, நீங்களோ?"

அவர் வெளியே புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னில இருக்கட்டும், தம்பி" என்றார். "இருந்திட்டுப் போகட்டும்."

அப்படியென்றால் நீங்கள்தானா? நான் வந்து டாக்டர்மாரோடு சண்டை பிடிப்பேன் என்று நினைத்தீர்களா? பழசெல்லாம் கிளறுவேன் என்றா? அல்லது உங்கள் வழுக்கைத் தலையை நான் பார்ப்பதை நீங்கள் தாங்கமாட்டீர்களா? அந்த மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சாப்பிட்டுக் காட்டக் கூசாத மனிதர் நீங்கள். என்னிடம் மட்டும் எதை மறைத்தீர்கள்? இனி யாரும் எனக்குப் பதில் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர் ஒருவர்தான், அவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

நேற்று அவரைக் கூப்பிட்டு, திவசத்துக்கு நான் இருக்கிறேன் என்று சொன்னேன். "காலமை வெள்ளென வந்திடுங்கோ, ரெயினை நம்பேலாது" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு எள்ளும் தண்ணீரும் என் கையால் விடுவேன். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும், என்னால் ஏலும்வரை விடுவேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பொய் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கும் உங்களுக்கும் உள்ளது. அண்ணியை இனி அதற்கு நடுவில் நிற்கவிடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறந்த ஒரே தம்பி