பித்தளைக் கல்லின் கடைசி வரி

நிரூபனின் அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை.

இங்கே போர்கோ வெக்கியோ பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, சின்யோராவின் வாசலில், மேலே பித்தளைத் தகடு வைத்த ஒரு சின்ன நினைவுக் கல் பதித்திருக்கிறார்கள். அந்த வீட்டை விட்டு வடக்கே போன அவரது தாய்மாமனை, யூதர் என்பதற்காகப் பிடித்துக் கொண்டுபோய் முகாமில் கொன்றார்கள். ஜனவரியில் அப்படிக் கொல்லப்பட்டவர்களின் நினைவு நாள் வந்தால் அந்தக் கல்லை மினுக்குவது என் வேலை. எங்கள் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத்தான் தேய்ப்பேன். அதில் வெட்டியிருப்பது: பெயர், பிறந்த ஆண்டு, பிடித்த நாள், கொண்டுபோன இடம், கொன்ற நாள். அந்தக் கடைசி வரியைப் பழைய பதிவேடுகளில் தேடிப் பிடித்த பிறகுதான் வெட்டினார்களாம்.

இன்று சின்யோரா பக்கத்தில் நின்று, "உன்ர வீட்டிலை ஆரையும் இப்பிடிக் கொண்டுபோனவையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஓம் என்றால், பிறகு என்ன நடந்தது என்று கேட்பார்.

எங்கள் பிள்ளைக்கும் எல்லா வரியும் என்னிடம் இருக்கிறது. சண்டை முடிந்த அன்று ஆமி அவனைப் பஸ்ஸில் ஏற்றியதை நாங்கள் இருவரும்தான் பார்த்தோம். கடைசி வரி மட்டும் இல்லை.

நேற்றுப் போனில், "அவன்ரை மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைச்சிட்டன், இனி அழுது என்ன?" என்றீர்கள். அந்தப் படிவத்தில் இறந்த திகதிக்கு ஒரு கட்டம் இருந்திருக்குமே. கொண்டுபோனவர்களே இன்றுவரை சொல்லாத திகதியை, யாரிடம் கேட்டு நிரப்பினீர்கள்?

இன்னும் அவனுக்கு அம்மா