கூனி போடாத சாம்பார்

அண்ணே,

உச்சிப்புளி தாண்டி நம் பஸ் சாப்பாட்டுக்கு நிற்கும் ஹோட்டலில் இன்று சென்னாக்கூனி வறுத்தார்கள். காய்ந்த பொடி இறால் வறுபடும் அந்த வாசனை டிரைவர் சீட் வரை வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் எச்சில் ஊறும். எனக்குத் தொண்டை நமநமக்கும். உங்கள் இடத்துக்கு வந்த புதுக் கண்டக்டர் உள்ளே சாப்பிடுகிறார், நல்ல மனிதர்தான். நான் சீட்டிலேயே உட்கார்ந்து வீட்டுத் தயிர்சோற்றைத் தின்கிறேன்.

இதே ஹோட்டலில்தான் அன்று மீன் எதுவும் கலக்காத வெறும் கத்திரிக்காய்க் கூட்டு என்று சொல்லிப் பரிமாறினார்கள். கூனியை அரைத்துவிட்டிருந்தார்கள். இந்தக் கரையில் கூனியை யார் மீன் கணக்கில் சேர்க்கிறார்கள்? மண்டபம் வருவதற்குள் உதடு தடித்து மூச்சு இழுத்தது. பாம்பன் பாலம் ஏறுமுன் வண்டியை ஓரங்கட்ட வைத்தீர்கள். வண்டியில் கோளாறு என்று பயணிகளை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். துளி பட்டாலும் ஆபத்து என்றார் டாக்டர். எனக்கோ, வெளியே தெரிந்தால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிடுவார்களே என்ற பயம்.

அதன்பிறகு எந்த ஹோட்டலிலும் நான் கை கழுவுவதற்குள் நீங்கள் அடுப்படியில் இருப்பீர்கள். உங்களுக்குக் கூனி ஆகாது என்று சொல்லிச் சட்டி சட்டியாகத் திறந்து பார்ப்பீர்கள். சாம்பாரைக்கூட விடமாட்டீர்கள். எனக்காகப் பொய் சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

"நெசமாத்தேன்லே. எனக்கும் ஆகாது. வெக்கப்பட்டுட்டு யார்ட்டயும் சொன்னதில்ல."

நம்பினேன். உடம்பெல்லாம் தடித்த நாட்களில் என் வீட்டில்கூட சாப்பாட்டில் நொரநாட்டியம் பண்ணுகிறேன் என்றுதான் சொன்னார்கள். நம்மைப்போல இன்னொருத்தர் இருக்கிறார் என்பது அப்போது எனக்குப் பெரிய தெம்பு.

மாரடைப்பு உங்களைக் கொண்டுபோன முப்பதாம் நாள் உங்கள் வீட்டில் படையல் போட்டார்கள். உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் மதினி இலையில் வைத்தார். நடுவில் கூனித் துவையல்.

"அவுகளுக்கு இதுன்னா உசுரு தம்பி. லீவு நாள்ல இது இல்லாமச் சோறு எறங்காது."

இத்தனை வருஷம் என் எதிரே ஒரு நாள் தொட்டதில்லையே நீங்கள். முதலில் கோபம்தான் வந்தது அண்ணே. கோபம் அடங்கியதும், இந்த ரூட்டில் கூனி ஆகாதவன் நான் ஒருத்தன்தான் என்பது உறைத்தது. அவ்வளவு கூட்டத்திலும் தனியாகிப் போனேன்.

மதினி படையலில் இருந்து ஓர் உருண்டை எடுத்து என் இலையில் வைக்க வந்தார். நீங்கள் ஆசையாகச் சாப்பிட்டது. எப்படி வேண்டாம் என்பது? இலையைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"எனக்கு ஆகாது மதினி."

நாலு பேர் முன்னால் அதை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. பந்தியே திரும்பிப் பார்த்தது. இப்போதெல்லாம் யார் சாப்பிடக் கூப்பிட்டாலும் நானே சொல்லிவிடுகிறேன். சொல்லி முடித்ததும் பக்கத்தில் இருந்து 'எனக்கும்' என்று சொல்லத்தான் ஆள் இல்லை.