போறேன் என்று எழுதிய பரிசல்காரனுக்கு

என் அன்பு மச்சான் சவரி,

உனக்குக் கடிதம் எழுதினால் எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியாமல்தான் இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு கால் ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உன் கூடப்பிறக்காத தங்கச்சியை, என் தனத்தைக் காலையில் பிரசவத்துக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். துணைக்கு அவள் அக்காவும் உள்ளே போய்விட்டார். ஆண்பிள்ளைகள் அந்தக் கதவைத் தாண்டக் கூடாதாம். கையில் பேனா இருக்கிறது, பேச ஆள் இல்லை, பயமாக இருக்கிறது. பயம் வந்தால் நான் வேறு யாரிடம் போவேன்?

இதை நம் பத்திரிகையிலேயே போடச் சொல்லப் போகிறேன். வாசகர்கள் ஒட்டுக்கேட்டால் கேட்கட்டும். சினிமாக் கொட்டகைகளுக்குப் பேனர் எழுதிக்கொண்டிருந்த சவரிமுத்துதான் வாராவாரம் அவர்களுடைய படக்கதைக்குப் படம் போட்டவன் என்று அவர்களுக்கும் தெரியட்டும். கதை எழுதிய எனக்குத்தான் பெயர் அச்சாகும். உனக்கு மூலையில் ஒரு 'ச' மட்டும். அதையும் நீ குருவிக் கூடு மாதிரி சுழித்து வைப்பாய், யாருக்கும் படிக்க வராது.

முந்தைய இரண்டும் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். இரண்டாவது தடவை நீதான் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தாய். ஒரு பீடிக் கட்டை முழுக்க ஊதித் தீர்த்தாய். இந்தத் தடவை டாக்டரம்மா, "பலவீனமா இருக்காங்க, பார்ப்போம்" என்றார். அந்தப் 'பார்ப்போம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்?

நம் வேலை எப்படி நடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாடகைப் போர்ஷனில் நான் கள்ளனாகவும் ராஜகுமாரியாகவும் குதிரையாகவும் மாறி மாறி நடித்துக் காட்டுவேன். நீ தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பென்சிலால் போட்டுக்கொண்டே போவாய். எழுதிக் கொடுத்தால் படிக்க மாட்டாய். "எழுத்த பாத்தா எனக்கு மூஞ்சி வராது மாப்ள, நடிச்சுக் காட்டு" என்பாய். பக்கத்தில் தனம் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். அப்படித்தான் நம் கதாநாயகி செங்கமலத்துக்கு அவளுடைய முகம் வந்து சேர்ந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் அசையாம இரு. கள்ளன் வர்றான், நீ பயப்படணும்."

"கத்திரிக்காய் கறுத்துப் போயிடும் அண்ணே. கள்ளனச் சீக்கிரம் வரச் சொல்லுங்க."

அவள் பயப்படவே இல்லை. நீயாகத்தான் அந்த முகத்தில் பயத்தைப் போட்டாய். இன்று காலையில் அதே முகத்தை நிஜமாகப் பார்த்தேன் சவரி. நீ போட்டது அச்சு அசலாக இருந்தது.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் விடுகிற வெள்ளை இடத்துக்கு 'வரப்பு' என்று பெயர் வைத்தவன் நீ. முசிறிப் பக்கத்து வயல்காட்டுப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? "விளையறது வயல்லதான். ஆனா மனுஷன் நடக்குறது வரப்புல, மாப்ள" என்றாய். அன்றைக்கு அது ஏதோ வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. ஒரு கட்டத்தில் கள்ளன் கத்தியை ஓங்குகிறான், அடுத்த கட்டத்தில் விளக்கு அணைந்திருக்கிறது. வெட்டு விழுந்தது வரப்பில். அதைப் போட்டவன் வாசகன். பயந்த பிள்ளை அங்கேயே நின்றுகொள்ளலாம், அடுத்த கட்டத்தைக் கையால் மூடிக்கொள்ளலாம்.

சினிமாவில் அது முடியாது என்று நான் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய். மாட்டினி பார்த்துவிட்டுப் பாலத்தில் காற்று வாங்கியபடி எத்தனை நாள் கட்டிப்புரண்டிருக்கிறோம்! எனக்கு எரிச்சல் வருவது அந்த ரயில்வே ஸ்டேஷன் காட்சிகளில்தான். கதாநாயகன் பிரியப் போகிறான், ஒரு பாட்டு முழுக்கப் பாடுகிறான். கார்டு கொடியைச் சுருட்டிக்கொண்டு பாட்டு முடியக் காத்திருக்கிறார். நிஜத்தில் எவன் அப்படிப் பிரிந்திருக்கிறான்? உனக்குக் கதையெல்லாம் பொருட்டே இல்லை. "அந்தப் பொண்ணு மூக்கப் பாத்தியா? பேனர்ல அந்த மூக்கு மட்டும் ஒரு ஆள் ஒசரம் வரும்" என்பாய்.

ஒரு புதுச் செய்தி சொல்ல வேண்டும். நம் பத்திரிகை ஆசிரியர் டில்லிக்குப் போய் வந்தார். அங்கே டெலிவிஷன் என்று ஒரு பெட்டியாம். ரேடியோவுக்குக் கண்ணாடி வைத்த மாதிரி இருக்குமாம், வீட்டுக்குள்ளேயே ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போகிறார்களாம். "இது திருச்சிக்கு வந்துட்டா உம்ம படக்கதைய எவன்யா படிப்பான்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். தனத்திடம் சொன்னேன். "வீட்டுக்குள்ள வந்து பேசறவங்களுக்குக் காபி யார் போடறதாம்?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் உதறல்தான். வரப்பே இல்லாத கதை, நிறுத்த முடியாத கதை வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருந்தால், பயந்த பிள்ளை எங்கே போய் நிற்கும்?

சரி, சுற்றி வளைத்தது போதும். நான் சொல்ல வந்தது நம் கதையில் வந்த அந்தப் பரிசல்காரனைப் பற்றி.

கொள்ளிடத்தில் வெள்ளம். செங்கமலத்தைக் கரையில் இறக்கிவிட்டு, பரிசல்காரன் அக்கரையில் மாட்டிக்கொண்ட ஒரு குழந்தையைக் காப்பாற்றத் திரும்பிப் போகிறான். அவன் திரும்பி வர மாட்டான் என்பதுதான் கதை. பரிசல்காரனுக்கு முகம் வேண்டும் என்றபோது, "ஒரு வாரத்துல சாகப் போறவன்தானே, என் மூஞ்சியே போதும்" என்று கண்ணாடியைப் பார்த்து உன்னையே போட்டுக்கொண்டாய். நான் சொன்ன வசனம், "போயிட்டு வரேன் தங்கச்சி." அவ்வளவுதான். நீயோ பேனர் எழுதுகிற கை. கட்டம் முழுக்க உன் முகத்தை நிரப்பிவிட்டு, பேச்சு எழுதுகிற பலூனுக்கு ஒரு புளியங்கொட்டை அளவு இடம் விட்டாய். அதிலும் பேனர் பழக்கத்தில் 'போ' என்று கொட்டை எழுத்தில் மையால் எழுதிவிட்டு அப்புறம்தான் இடமில்லை என்று பார்த்தாய். அழிக்க முடியாது. 'றேன்' என்று நெருக்கி எழுதி முடித்துவிட்டாய். பரிசல்காரன் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அச்சாகி வந்ததும் தனம்தான் முதலில் பார்த்தாள். "என்ன அண்ணே இது? வீட்ட விட்டுக் கிளம்பறவன் போறேன்னா சொல்லுவான்? வெறுமனே வரேன்னு போட்டிருந்தா இன்னும் கம்மி இடந்தானே புடிச்சிருக்கும்?" என்றாள். நீ தலையில் அடித்துக்கொண்டாய். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனாலும் அன்று முதல் அவள் உன்னை விடவில்லை. நீ செருப்பை மாட்டும்போதெல்லாம் வாசலில் வந்து நின்று, "சொல்லிட்டுப் போங்க அண்ணே" என்பாள். நீயும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, "போயிட்டு வரேன் தங்கச்சி" என்று ஒப்பித்துவிட்டுப் போவாய்.

கடைசி நாளும் சொன்னாய். நாளைக்கு மீன்குழம்பு வை என்றுகூடச் சொன்னாய். மறுநாள் கொட்டகை வாசலில் சாரத்துக் கயிறு அறுந்து விழுந்துவிட்டாய். பேனரில் யாரோ ஒரு நடிகையின் கண்ணுக்கு வெள்ளை வைத்துக்கொண்டிருந்தாயாம். சரியாகத்தானே சொல்லிவிட்டுப் போனாய்? அப்படியும் வரவில்லையே சவரி. அப்படியானால் அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை என்றுதானே அர்த்தம்? புத்திக்கு அது தெரிகிறது. ஆனால் பயம் எந்தக் காலத்தில் புத்தி சொன்னதைக் கேட்டிருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. இதைத் தனத்திடம் சொல்லவில்லை. உன்னைக் கல்லறையில் வைத்துவிட்டு உன் ஊர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தோம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தேன். பழக்கதோஷம், உன் அப்பாவிடம், "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டேன். உன் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "துக்க வீட்டுல வரேன்னு சொல்லக்கூடாதுய்யா. வரேன்னு சொன்னா துக்கம் கூடவே வந்துரும். சொல்லாம கொள்ளாம எந்திரிச்சுப் போயிடணும்" என்றார். பஸ்ஸில் முசிறியிலிருந்து திருச்சி வரைக்கும் அந்த ஒரு பேச்சுதான் காதில் ஓடியது. நான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேனா?

இப்போது இன்று காலைக்கு வா.

விடிந்ததும் வலி கண்டுவிட்டது. உறையூரிலிருந்து வந்திருந்த அவள் அக்கா குதிரை வண்டியைக் கூப்பிட்டு வந்தார். வண்டியில் அவர்கள் இருவருக்கும் துணிமூட்டைக்கும்தான் இடம். நான் பின்னாலேயே டவுன் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. வண்டி நகர்ந்தபோது தனம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள். "நான் போறேங்க. குமுட்டி அடுப்புல பால் இருக்கு, பாத்துக்குங்க" என்றாள்.

போறேன் என்றாள் சவரி. உன்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தவள், வலியில் அப்படிச் சொல்லிவிட்டாள். அக்கா காதில் அது விழவில்லை. நான் வண்டிக்குப் பின்னால் முனை வரைக்கும் ஓடினேன். "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று நடுத்தெருவில் கத்த வெட்கமாக இருந்தது. வண்டி திரும்பிவிட்டது. அந்த இடத்திலேயே கதையை நிறுத்தி, அடுத்த கட்டத்தைக் கையால் மூடிக்கொள்ள மாட்டோமா என்றிருந்தது. இந்த பெஞ்சும் வரப்புதான் போலிருக்கிறது. இந்தப் பக்கம் அவள் வண்டியில் போகிற கட்டம், அந்தப் பக்கம் என்ன கட்டமோ. நடுவில் நான்.

மடியில் நீ கடைசியாகப் பென்சிலில் போட்டு வைத்துவிட்டுப் போன பக்கம் இருக்கிறது. நீ போனதோடு நின்றுபோன கதையை முடிக்க இது சாயந்திரத்துக்குள் ஆசிரியருக்கு வேண்டுமாம், மீதியைப் போட்டு மை ஏற்ற வேறொருவர் தயார். நாம் முடிவு செய்திருந்த கடைசி அத்தியாயம் இதுதான்: செங்கமலம் ஓட்டைப் பரிசலில் ஏறிக் கள்ளனை நட்டாற்றுக்கு இழுத்துப் போகிறாள், இருவரும் முழுகிப்போகிறார்கள். "கதாநாயகி செத்தாத்தான்யா பொம்பளைங்க அழுவாங்க, இப்ப சினிமாவுல எல்லாம் அதான்" என்று ஆசிரியர் அடித்துச் சொல்லிவிட்டார். செங்கமலம் கயிற்றை அவிழ்க்கிற கட்டத்தோடு உன் பென்சில் நின்றுவிட்டது. அதிலும் முகம்தான் கட்டம் முழுக்க. தனத்தின் முகம். மூலையில் புளியங்கொட்டை பலூன், வெறுமையாக. அதில் பேனாவை வைக்க எனக்குக் கை வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. ஆயா தலையை நீட்டி, "தனலட்சுமி வீட்டுக்காரரு யாருங்க?" என்றார். எழுந்த வேகத்தில் பெஞ்சே சாய்ந்துவிட்டது.

"ஒண்ணும் ஆகல, உக்காருங்க. குமுட்டில இருந்த பால இறக்கினீங்களான்னு கேக்குது அந்தப் பொண்ணு."

பால்! சத்தியமாக அந்த நினைப்பே எனக்கு இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். இந்நேரம் பாத்திரத்தின் அடி கரியாகியிருக்கும். "இறக்கிட்டேன்னு சொல்லுங்க" என்றேன். அப்புறம் வெட்கத்தை விட்டு, "ஆயாம்மா, அவ கிளம்பறப்ப போறேன்னு சொல்லிட்டா. போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க" என்றும் கேட்டுவிட்டேன்.

"நல்ல ஆளுய்யா நீங்க! வலியில துடிக்கிறவகிட்ட இதப் போயா கேப்பாங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கதவு திறந்தது. இந்தத் தடவை ஆயா சிரித்தார்.

"நீங்க இறக்கலன்னு அதுக்குத் தெரியுமாம். வீட்டுக்கு வந்து அந்தப் பாத்திரத்த நாந்தான தேய்க்கணும்னு திட்டுது."

வந்து என்றாளாம் சவரி. வந்து.

வராந்தாவில் எல்லோரும் பார்க்க அழுதுவிட்டேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கதவு மறுபடி மூடிவிட்டது, உள்ளே அவள் சத்தம் கேட்கிறது, டாக்டரம்மா வேகமாகப் போனதையும் பார்த்தேன். அப்படியும் உன் பலூனுக்குள் 'வரேன்' என்று எழுதிவிட்டேன். இடம் சரியாக இருந்தது.

இனி நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு இது. செங்கமலம் முழுக மாட்டாள். அடுத்த கட்டத்தில் கரையேறுவாள், ஆசிரியர் என்ன குதி குதித்தாலும் சரி. ஈரப் புடவையோடு அவள் கையைப் பிடித்து மேலே தூக்குகிறவனுக்குப் பரிசல்காரனின் முகம் இருக்கும். எப்படிப் பிழைத்தான் என்று வாசகர்கள் கேட்டால், வரப்பில் பிழைத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால், பேசத் தொடங்கியதும் நான் சொல்லித்தரப் போகிற முதல் வாக்கியம் எது என்று உனக்கே தெரியும்.

ஆயா திரும்பவும் கூப்பிடுகிறார். என் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நான் எழுந்தாக வேண்டும். உன்னிடம் வரேன் என்று சொல்லக்கூடாது, போறேன் என்று சொல்லவும் மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே மச்சான், உன் பெரியம்மா சொன்னபடி சொல்லாமல் எழுந்துகொள்கிறேன்.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
உன் மாப்பிள்ளை
நடராஜன்