அந்தக் கொள்ளைக்காரன் பிழைத்த கதை

என் அருமை மச்சான் சுப்ராவுக்கு,

அங்கே சாப்பாடு எப்படி? இங்கே ஈப்போ புந்தோங்கில் உன் வீட்டுக் கோழிக்கறி இன்னும் அதே காரம்தான். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு தட்டு சாப்பிட்டேன். அன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உன் மகள் கவிதா தஞ்சோங் மாலிமிலிருந்து வந்திருந்தாள். கார் தொழிற்சாலையில் இப்போது சூப்பர்வைசர், தெரியுமா? வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, "மாமா, அப்பாவோட கௌபாய் படம் கிடைச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தாள். எனக்குப் பகீரென்றது.

நம் ரப்பர் தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் போட்டார்களே, அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். பெயர் நம் யாருக்குமே தெரியாது. நீ சொன்ன அடையாளங்களை வைத்தே பிள்ளை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்திருக்கிறாள். விந்தி நடக்கும் பண்ணைக்காரர், தொப்பியில் குண்டு துளைத்த கொள்ளைக்காரன். தான் குடிப்பதற்கு முன்னால், ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு அந்தத் தொப்பியிலேயே குதிரைக்குத் தண்ணீர் காட்டுவானே, அவன்தான்.

அன்று பாதிப் படத்தில் மழை கொட்டியது. பண்ணைக்காரரின் மாடுகளை மீட்க, கொள்ளைக்காரன் தன் பழைய கூட்டாளிகளை எதிர்த்துத் தனியாகக் கிளம்பும் இடம். பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் லயத்து வீடுகளுக்கு ஓடினோம். என் தங்கை சரசு மட்டும், "அந்தாளு செத்துருவாரா அண்ணே?" என்று தேம்பிக்கொண்டே வந்தாள். பதின்மூன்று வயசு அவளுக்கு.

மறுவாரம் பக்கத்துத் தோட்டத்தில் அதே படம் என்று கேள்விப்பட்டு நீ ஒருத்தன்தான் சைக்கிளை மிதித்தாய். மறுநாள் காலையில் குழாயடியில் சரசுவிடம் என்ன சொன்னாய்?

"சாவல லா! மாட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு வந்து அந்தப் பண்ணையிலயே வேலைக்குச் சேந்துட்டாரு. கல்யாணம்கூட ஆயிருச்சு."

அவள் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிப் போனதும் என்னை ஓரமாக இழுத்தாய். "செத்துட்டான்டா. குதிரை மேலயே. அவகிட்ட சொல்லாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஐந்து வருஷம் கழித்து நீ அவளைப் பெண் கேட்டு வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. தோட்டத்தை முதலாளி விற்றுவிட, நாமெல்லாம் ஈப்போவுக்கு வந்த பிறகும்தான். நீயோ அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கொள்ளைக்காரனுக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது. மூன்றாவதுக்குப் பேர்கூட வைத்துவிட்டாய், பாவி.

ஞாயிறன்று சரசு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஓட்டைத் தொப்பி வந்ததும், "இந்தா, உங்கப்பா சொன்ன மாதிரியே!" என்று கவிதாவின் தொடையில் அடித்தாள். நீ போய்ச் சேர்ந்த இந்த எட்டு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இப்போதுதான் தேறி வருகிறாள். இந்த நேரத்தில் உன் பொய் உடைந்தால் என்ன ஆவாள்?

கொள்ளைக்காரன் குதிரை ஏறினான். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்றேன். கவிதா படத்தை நிறுத்திக் கார் சாவியைத் தேடினாள். "கிளினிக் போலாம் மாமா, எழுந்திரிங்க." "வேணாம்மா, வாய்வுதான்." மறுபடியும் படம் ஓடியது. "மழை வருது, துணியெல்லாம் எடுங்க" என்றேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் ரிமோட்டை நைசாக எடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். படம் நின்றது.

சரசு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "எழுந்திருண்ணே. அவரு சாவறத நான் எப்பவோ பாத்துட்டேன்."

எழுந்து ரிமோட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டுல வேலை செஞ்சேன்ல? அங்க டிவியில ஒரு மத்தியானம் போட்டாங்க. இவரு பொண்ணு கேட்டு வர்றதுக்கு முன்னாடியே."

"அப்ப ஏன் அவன்கிட்ட கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? நான் அழுதேன்னு படத்தோட முடிவையே மாத்துன ஆளு. அதான் வீட்டுல கேட்டப்ப, இவரே போதும்னு சொன்னேன்."

அப்போது அரசாங்க உத்தியோக மாப்பிள்ளை ஒருவரும் வந்திருந்தார், ஞாபகமிருக்கிறதா? அவரை ஏன் வேண்டாமென்றாள் என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் இப்போதுதான் விடை கிடைத்தது.

பிறகு மூன்று பேரும் முடிவைப் பார்த்தோம். குதிரை தன்பாட்டுக்கு மாடுகளுக்குப் பின்னால் நடந்து வருகிறது. அவன் அதன் கழுத்தில் சாய்ந்து கிடக்கிறான். சரசு அழவில்லை. நான்தான் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கவிதா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, "அப்ப அந்த மூணு பிள்ளைங்க?" என்றாளே பார்க்கலாம்! நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

ஒன்று கேட்கிறேன், மச்சான். அவளுக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியுமா? தெரிந்தேதான் பிள்ளை மேல் பிள்ளையாகப் பெற்றுக்கொண்டிருந்தாயா?

நான் சிலிபினில் இருக்கும் என் வீட்டுக்குக் கிளம்பும்போது சரசு வாசல்வரை வந்தாள். "வேற என்னென்ன சத்தியம் வாங்கியிருக்காரு உன்கிட்ட?" என்றாள். காது கேட்காதவன் போல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினேன். மிச்சமிருக்கும் இரண்டையும் என் கட்டை வேகும்வரை சொல்ல மாட்டேன், இது உறுதி. அவளுக்கு அதுவும் ஏற்கெனவே தெரிந்திருந்தால், அதற்கு நான் பொறுப்பில்லை.

உன் சரசுவுக்கு அண்ணன்,
உன் மகளுக்குத் தாய்மாமன்,
உனக்கு எப்போதும் மச்சான்,
ராமு