ஏழு நாள் குளிசையில் மிச்சம்

என் அன்பு அப்பாவுக்கு,

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்ட உங்கள் காலில் எந்தக் கிருமி இருந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். பசறை ஆஸ்பத்திரியில் ஏழு நாளைக்குக் குளிசை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. "நமக்குத்தான் சொகமாயிருச்சே, செல்லையாவுக்கு ஒதவட்டும்" என்று மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் கொடுத்தீர்கள். அவருடைய அட்டைக்கடிப் புண்ணில் தூவ, குளிசையைப் பிரித்துத் தூளைக் கொட்டியது நான்தான். தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரும் அப்படித்தானே செய்தோம்? ஒரு நாள் வேலை கெடாமல் மருந்து கிடைத்தால் யார் வேண்டாமென்பார்கள்?

அடுத்த வாரம் கால் மறுபடி வீங்கியது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். நீங்கள் உயிரோடு வீடு திரும்பவில்லை. உங்கள் தாராள மனசின் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

இப்போது பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். சீழைத் தட்டில் தடவி வைத்தால் மறுநாள் புள்ளி புள்ளியாய்க் கிருமி முளைக்கிறது. அதை வேறொரு தட்டில் பரப்பி, மருந்து ஊறிய கடதாசி வில்லைகளை வைப்போம். கேட்கிற மருந்தைச் சுற்றி வெறும் வட்டம் விழும். கேட்காத மருந்தை ஒட்டியே கிருமி மொய்த்திருக்கும். உங்கள் காலில் இருந்த கிருமிக்கு எந்த மருந்து வட்டம் போட்டிருக்கும்?

யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவரிடம் கேட்டேவிட்டேன். "ஏழு நாளும் போட்டிருந்தா அப்பா பொழைச்சிருப்பாருங்களா?"

"அது சொல்லேலாது, பிள்ளை. ஆனா காய்ச்சல் விட்டவுடன கிருமியெல்லாம் செத்துப்போச்செண்டு நினைக்கக்கூடாது."

போன வாரம் அம்மாவுக்கும் அட்டைக்கடி. சொறிந்து சொறிந்து கால் வீங்கி, அதே ஏழு நாள் மருந்து. நாலாம் நாள் பார்த்தால் இரண்டு குளிசையைக் காணோம். "செல்லையா பேத்திக்குக் கட்டி வந்திருக்குடி" என்கிறார் அம்மா. நான் கத்தி முடிப்பதற்குள் செல்லையா சித்தப்பாவே வாசலில் நின்றார், கையில் கடதாசிப் பொட்டலத்தோடு.

"இத நீங்களே போடுங்க, அண்ணி. அண்ணன் குடுத்தத அன்னைக்கே நான் திருப்பிக் குடுத்திருக்கணும்."

நான் மட்டும்தான் அந்தப் பழியைச் சுமக்கிறேன் என்று இத்தனை வருசமாய் நினைத்திருந்தேன், அப்பா. மறுநாள் அவர் மலைக்கு வேலைக்குப் போகவில்லை. பேத்தியைக் கூட்டிக்கொண்டு பசறை பஸ் ஏறினார்.

நாளைக்கு ஏழாவது நாள். கடைசிக் குளிசையை அம்மா விழுங்கும்வரை முன்னால் நிற்பேன். இது சத்தியம்.

உங்கள் குளிசையைப் பிரித்த மகள்