பூசணம் பூத்த நூறு நோட்டுகள்

அக்டோபர் 4

பைண்டிங் பட்டறைக்குள் மருமகள் சீப்போடு வந்து நிற்கிறாள். தலை வார அல்ல. பசையில் சாயம் கலந்து தாளில் பூசி, காய்வதற்குள் சீப்பால் இழுத்தால் அலை அலையாக வருகிறது. என் மனைவி ஒரு காலத்தில் கணக்குப் புத்தகங்களின் உள்ளட்டைக்குச் செய்தது. பரணில் கிடந்த ஒரு தாளைப் பார்த்தே இவள் பிடித்துவிட்டாள். அதையே மேலட்டையாக்கி நோட்டு விற்கப் போகிறாளாம். நோட்டுக்கு எதற்கு மினுக்கு? தையல் நின்றால் போதாதா? என்னை யார் கேட்கிறார்கள்.

ஆனால் அந்த நீல அலையைப் பார்த்தபோது — சரி, வேண்டாம்.

அக்டோபர் 9

எழுதுபொருள் கடைக்காரர் நூறு நோட்டு கேட்டிருக்கிறார். தைப்பது, ஒட்டுவது நான்தான். யாரிடமும் போய்க் கற்ற வேலை அல்ல. நானே பிரித்து, நானே கட்டிப் பழகியது. இதுவும் தேறாவிட்டால் பட்டறையை வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறான் மகன். விடுவான், விடுவான்.

அக்டோபர் 11

மழை.

அக்டோபர் 15

ஒட்டிய நோட்டுகளை அழுத்த வைத்திருந்த பாரப் பலகையைத் தூக்கினால் நூறிலும் பூசணம். சாயத்தால் வந்த வினை என்று மருமகள்மேல் பாய்ந்தேன்.

"சாயம் மேலதானே இருக்கு மாமா? பூசணம் உள்பக்கந்தான் பிடிச்சிருக்கு."

புரட்டிப் பார்த்தேன், உள்பக்கந்தான். கோபம் மட்டும் இருந்தது. கடைக்காரரிடம் பத்து நாள் தவணை கேட்டு வந்திருக்கிறாள்.

அக்டோபர் 16

மனைவியின் தங்கை வந்தாள். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் வைக்கும் செய்தித்தாள்களைத் தினம் யார் மாற்றுகிறார்கள் என்று கேட்டாள். எதற்கு மாற்ற வேண்டும்?

என் மனைவி காலையில் பலகையைத் தளர்த்தி, நோட்டுகளுக்கு நடுவே இருக்கும் தாள்களை உருவிவிட்டு வேறு வைப்பாள். உருவிய தாள்களோடு வாசலில் போய் உட்காருவாள். பேப்பர் படிக்க நேரம் பார்த்தாயா என்று முப்பது வருஷம் திட்டியிருக்கிறேன்.

"படிக்கவா எடுத்தா? ஈரத்தை எடுக்க எடுத்தா அத்தான். வெயில்ல காயப் போட்டுட்டு சும்மா இருக்கிற நேரத்துல படிச்சா."

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒன்றிரண்டு புத்தகம்தான் கட்டினேன், வெயில் காப்பாற்றியிருக்கிறது. ஒருநாள்கூட அவள் சொல்லவில்லையே. சொல்ல விட்டேனா?

அக்டோபர் 20

மறுபடி நூறு. காலையில் நானே தாள் மாற்றுகிறேன். மருமகள் கை கொடுக்க வந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

அக்டோபர் 25

நூறும் கடைக்குப் போயின. இன்னும் இருநூறு வேண்டுமாம். மகன் வாடகைப் பேச்சை எடுக்கவில்லை.

பின்னட்டையில் என் முத்திரைக்குக் கீழே அத்தை பேரையும் சேர்க்கட்டுமா என்று மருமகள் கேட்டாள். கூடாது என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

"கீழ கூடாது. மேல போடு."